ஆசிரியர் தகுதியும் பெற்றோர் அறிவும்

கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு யாம் ஊருக்குச் சென்றிருந்த காலத்து, பேருந்து நிற்குமிடத்தை அடுத்த தேநீர்க்கடையில் ஒருநாட் காலை பெருஞ்சிரிப்பொன்று எழுந்தது. செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்த ஒருவர், "வாத்தியாருக்கே பரீட்சையாம்; தேறாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதானாம்" என்று கூறினார். அருகிருந்தோரெல்லாரும், தாம் இளமையிற் பெற்ற பிரம்படிகளுக்கு அன்றுதான் ஈடு கிடைத்தாற்போல மகிழ்ந்து நகைத்தனர். அந்நகையில் யாமும் கலந்துகொண்டோம் என்பதை மறைத்தற்கில்லை. ஆயினும் வீடு திரும்பும் வழியில் எமக்கோர் ஐயம் தோன்றிற்று. தமிழ் வகுப்பில் எம்மோடு பயிலும் நண்பருட் பெரும்பாலோர் நாளை ஆசிரியராகப் போகின்றவரே. யாமும் அவ்வழியையே நோக்கியிருக்கின்றோம். அக்கடையில் இருந்தவரோ பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பவர். அவர் தம் மக்களை எம்மிடம் ஒப்புவிக்கும் நாளில், "இவர் எம்மினும் எவ்வகையில் தக்கவர்?" என வினவினால் யாம் கூறத்தக்க விடை யாது? அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் அச்செய்தியின் வரலாற்றைக் கூறுவோம். 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர்க்குக் குறைந்த அளவுத் தகுதி ஒன்று வேண்டுமென விதித்தது. அத்தகுதியின் ஒரு பகுதியாக ஆசிரியர் தகுதித் தேர்வு 2010-இல் வகுக்கப்பெற்றது. நூற்றுக்கு அறுபது என்பது அதிற் தேறுதற்குரிய பொது அளவு. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் அத்தேர்வு முதன்முறை நிகழ்ந்தபோது, 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத, 2,500 பேருக்கும் குறைவானவரே தேறினர். நாடே திகைத்தது. 90 நிமிடத்தில் 150 வினாக்களுக்கு விடை குறிக்கவேண்டியிருந்தது என்பது பின்னர் எழுந்த முறையீடு. அவ்வாண்டு அக்டோபரில் 3 மணி நேரம் அளித்து மீண்டும் நடத்தியபோது, முன்னையினும் பன்மடங்கினர் தேறினர். இடைப்பட்ட மூன்று திங்களில் வளர்ந்தது அறிவோ, கடிகாரமோ என நகைச்சுவையாளர் கேட்கலாம். இனி, 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சட்டம் வருமுன்னரே பணியிற் சேர்ந்த ஆசிரியரும், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவராயின், இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்விற் தேறவேண்டுமென்றும், தேறாதார் பணியினின்று நீங்கவேண்டுமென்றும் கூறிற்று. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளின் நிலை பெரிய ஆயத்தின் ஆராய்ச்சிக்கு விடப்பட்டது. தேநீர்க்கடையில் எழுந்த சிரிப்புக்குக் காரணம் இதுவே.

தகுதி என்னும் சொல்லை இக்காலத்தார் சான்றிதழ் என்னும் பொருளிலேயே வழங்குகின்றனர். அப்பொருளைக் கொண்டு ஆசிரியரையும் பெற்றோரையும் நிறுத்தால் தராசு ஊருக்கு ஊர் மாறிச் சாயும். நகரத்துப் பள்ளியொன்றில் தாய் மருத்துவர், தந்தை பொறியாளர். அவர்தம் குழந்தைக்கு எழுத்தறிவிப்பவரோ இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற ஓர் இளம்பெண். அத்தாய் தந்தையர் அவளை ஏறெடுத்தும் பாரார். சிற்றூரிலோ ஆசிரியர் இரண்டு பட்டம் பெற்றவர். வாயிலில் வந்து நிற்பவர் கையெழுத்தை எழுத்துக்கூட்டி இடுபவர். அவ்வாசிரியர் அவரை உட்காரச் சொல்வதும் அரிது. இரண்டிடத்தும் நிகழ்வது ஒன்றே: ஒருவர் அறிவை மற்றவர் தம் சான்றிதழால் அளக்கின்றார்.

இவ்வளவை பண்டு வேறு வகையாய் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியரை அமர்த்துபவரும் அவருக்குப் படியளப்பவரும் பெற்றோரே. சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்து, அதன் முடிவை 1826-இல் எழுதிய குறிப்பில் தெரிவித்தார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள் இருந்தனவாம். ஆசிரியர்க்குப் பொதுவாகத் திங்களுக்கு ஆறேழு ரூபாய்க்கு மேற் கிடைப்பதில்லையென்றும், தக்கோரை அத்தொழிலுக்கு இழுக்க அது போதாதென்றும் அவர் அக்குறிப்பிலேயே வருந்தினார். அதனினும் வியக்கத்தக்க செய்தியொன்று அதில் உண்டு. சென்னை நகரில் வீட்டிலிருந்தபடியே உறவினரிடமும் தனியாசிரியரிடமும் கற்கும் பிள்ளைகள், பள்ளியிற் கற்பாரினும் ஏறக்குறைய ஐந்து மடங்கினர் என்று கணக்கு வந்திருந்தது. இதில் ஏதோ பிழை இருக்கவேண்டுமென மன்றோவே ஐயுற்றார். பிழையைக் கழித்துவிட்டு நோக்கினும், எழுத்தறிவித்தல் அந்நாளில் வீட்டுத் தொழிலாகவும் இருந்ததென்பது தெளிவு. எம் பாட்டனார் காலத்துச் சிற்றூர்களில் திருச்சபையின் உபதேசியாரே உபாத்தியாயராகவும் இருந்தார். அவர் என்ன பரீட்சையிற் தேறினார் என எவரும் கேட்டிலர். பிள்ளை கடிதம் படிக்கின்றானா என்பதொன்றே ஊரார் கேட்டது.

அத்திண்ணைப் பள்ளியினின்றே ஒரு புதுமை கடல் கடந்து சென்றதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் குருவானவர், ஊர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் விடுதி ஆசிரியரை அவ்வாறு கற்பிக்குமாறு ஏவியபோது அவர்கள் இணங்கினாரல்லர். பெல் அவர்களோடு வழக்காடாது, எட்டு வயதுச் சிறுவனொருவனை அழைத்து, அவனைக் கொண்டே அரிச்சுவடி வகுப்பை நடத்துவித்தார். அம்முயற்சி கைகூடிற்று. 1797-இல் அவர் இங்கிலாந்தில் வெளியிட்ட நூலின் வாயிலாக அம்முறை மேனாடெங்கும் பரவிற்று. எட்டு வயதுச் சிறுவன் எந்தச் சான்றிதழும் பெற்றவனல்லன். விருப்பமில்லா ஆசிரியர் செய்யாததை விருப்பமுள்ள சிறுவன் செய்தான். இதனைக் கேட்பவர், "ஆயின் பயிற்சி எதற்கு? அன்பும் விருப்பமும் உள்ள தாயே போதாளோ?" என்பர்.

போதாள் என்பதே எம் கருத்து. அதற்குக் காரணம் மிகச் சிறியதோர் எடுத்துக்காட்டால் விளங்கும். வீட்டில் குழந்தைக்கு எழுத்தறிவிக்கப் புகும் தாய் அகரத்தினின்று தொடங்குகின்றாள். அவள் கற்ற முறை அதுவே. அகரம் சுழித்து வளைந்து கீழிறங்கும் எழுத்து; மூன்று வயதுக் கை அதற்கு இசையாது. குழந்தை அழுகின்றது, தாய் கையைப் பிடித்து அழுத்துகின்றாள். பயிற்சி பெற்ற ஆசிரியையோ ட, ப, ம என்னும் நேர்கோட்டு எழுத்துக்களை முதலிற் காட்டி, அவற்றைக் கொண்டே 'படம்', 'பட்டம்' எனச் சொல்லாக்குவார். முதற்கிழமையிலேயே தான் ஒரு சொல்லை எழுதிவிட்டோம் என்னும் பெருமிதம் குழந்தைக்குக் கிட்டும். லகர ளகர ழகரங்களைக் குழந்தை குழப்பும்போது, தாய் சரியான ஒலியை மேன்மேலும் உரக்கச் சொல்வாள். நா எவ்விடத்தைத் தொடவேண்டுமென்பதை ஆசிரியர் வாயைத் திறந்து காட்டுவார். இஃது அன்பினால் வரும் அறிவன்று. நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஒரே இடத்தில் இடறுவதைக் கண்டு சேர்த்த அறிவு. 1856-இல் சென்னையில் தொடங்கிப் பின்னர்ச் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதலாக, எத்தனையோ பயிற்சிப் பள்ளிகள் வழிவழியாகக் கொடுத்து வருவது இவ்வறிவையே. ஒரு பிள்ளையை அல்லது மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர் இதனைத் தாமாகத் திரட்டிக்கொள்ளல் இயலாது.

ஆனால் கதையின் மறுபாதியும் உண்டு. அதனை யாம் எம் வீட்டிலேயே கண்டோம்.

எம் தம்பி மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவன் மதிப்பெண் அட்டையில், கவனமில்லாதவன், அழைத்தால் திரும்பான், அடங்காதவன் என்றெல்லாம் எழுதி வந்தது. எம் அன்னையார் நான்காம் வகுப்பு வரை கற்றவர், பீடி சுற்றுபவர். அன்று கணக்குக்குரிய பீடியைக் கடையிற் கொடுத்துவிட்டு, கையிற் புகையிலை மணம் மாறாமலே பள்ளிக்குச் சென்றார். யாமும் உடன் சென்றோம். "அவன் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தால் நான் கூப்பிடுவது கேட்பதில்லை, டீச்சர். வலப்பக்கம் படுத்திருந்தால் ஒரு குரலுக்கே எழுந்துவிடுகிறான். இடம் மாற்றி உட்காரவைத்துப் பாருங்களேன்" என்று அவர் கூறினார். அம்மையார் நகைத்து, "ஏம்மா, படிக்காததற்கு இப்படியும் ஒரு சாக்கா? வீட்டில் கொஞ்சம் கண்டியுங்கள்" என்றார். அன்னையார் மறுமொழி கூறாது திரும்பினார். வழியில் எம்மிடம், "நான் சொன்னது அவர்களுக்கு விளங்கும்படி சொல்லத் தெரியவில்லையோ?" என்று கேட்டது இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது. குற்றம் தம் சொல்லில் என்றே அவர் எண்ணினார்.

இரண்டாண்டு கழிந்து, பள்ளியில் நடந்த மருத்துவப் பரிசோதனையின் பின் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பெற்று ஆராய்ந்தபோது, தம்பியின் வலக்காது முற்றிலும் கேளாதது என்பது தெரிந்தது. வகுப்பில் அவன் இருந்தது இடக்கோடிப் பலகை. ஆசிரியரின் குரல் வந்தது கேளாத பக்கத்தினின்று. வாய்மொழியாகச் சொல்லப்பெற்ற வாய்பாடும் மனக்கணக்கும் அவ்விரண்டாண்டில் அவனை எட்டவே இல்லை. கணக்கைக் கண்டால் இன்றும் அஞ்சுகின்றான்.

அவ்வாசிரியை தீயவரல்லர் என்பதை யாம் சொல்லியாகவேண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஓரறையில் வைத்து மேய்ப்பவர் ஒவ்வொருவன் காதையும் அறிதல் எங்ஙனம்? அவர் கற்ற பயிற்சிப் பாடத்தில் செவிக்குறை உள்ள குழந்தையைக் கண்டறிவது பற்றி ஒரு பகுதி நிச்சயமாக இருந்திருக்கும். அதில் அவர் நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருக்கலாம். செவிக்குறை இன்னதென்பதை அவர் அறிந்திருந்தார். எம் தம்பிக்குச் செவி கேளாதென்பதை எம் அன்னையார் அறிந்திருந்தார். இரண்டறிவும் ஒரு மேசையின் இரு பக்கத்தும் அன்று இருந்தன. நடுவில் இருந்தது ஒரு சிரிப்பு.

கல்லாதார் கல்வியின் தகைமையை மதிப்பிடுதற்கு உரியரல்லர் என்னும் கருத்தை மேனாட்டு அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் 1848-இல் வெளியிட்ட தம் பொருளியல் நூலிற் கூறியுள்ளார். அதில் ஓரளவு உண்மை உண்டென்பதை மறுத்தல் அரிது. சீருடையின் பளபளப்பையும், வாயிற்பலகையில் உள்ள ஆங்கில எழுத்துக்களையும் கண்டு பள்ளியைத் தெரிந்தெடுக்கும் பெற்றோர் எம் ஊரிலும் பலர். ஆனால் மில்லின் வாழ்க்கையே அவர் கூற்றுக்கு ஒரு துணையுரையாய் அமைந்திருப்பது வியப்பு. அவருக்கு ஆசிரியராயிருந்தவர் அவர் தந்தை ஜேம்ஸ் மில். கல்வியில் அத்தந்தைக்கு நிகரான ஆசிரியரை இங்கிலாந்து முழுவதும் தேடினும் காண்டல் அரிது. மூன்று வயதிற் கிரேக்கம் தொடங்கிற்று. இருபதாம் வயதில், 1826-இல், மகன் மனம் முறிந்து, எதிலும் சுவை காணாதவரானார். இதனை அவரே தம் வரலாற்றில் எழுதிவைத்தார். தந்தையே ஆசிரியராயின் பிள்ளைக்கு மாலையில் ஓடிச்சென்று ஒளிந்துகொள்ள ஒரு வீடு இல்லாது போகின்றது போலும்! எனவே பெற்றோர் எத்துணைக் கற்றவராயினும், ஆசிரியரென்று வேறொருவர் வேண்டப்படுகின்றார் என்பதே எம் துணிபு.

இனி மில் கூறியதற்கு நேர்மாறான ஒரு தந்தையை நம் நாட்டிற் காண்போம். உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மகனுக்கும் இசையையே கற்பிக்க விரும்பியவர். இலக்கண இலக்கியத்தில் அவர் புலவரல்லர். ஆயினும் மகன் உள்ளம் தமிழில் தோய்ந்திருப்பதை உணர்ந்தவுடன், தம்மால் அதனைக் கொடுக்க இயலாதென்பதையும் உணர்ந்தார். அதன் பின் அவர் செய்தது வியக்கத்தக்கது. எங்கே தமிழறிந்தார் உளரெனக் கேட்டாலும் அவ்வூர்க்குக் குடியை மாற்றினார். அரியலூர், குன்னம், செங்கணம் எனத் தம் பிழைப்பையும் உடன் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். தாம் அறியாத ஒரு கலையில் ஆசிரியர் நல்லாரா அல்லாரா என்பதை அவர் எங்ஙனம் அறிந்தார்? மகனின் முகத்தைக் கொண்டு அறிந்தார் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

செங்கணத்து விருத்தாசல ரெட்டியார் செய்ததும் சிறிதன்று. தம்மிடம் வந்த மாணாக்கனுக்கு உள்ளன்போடு பாடம் சொன்னவர், அவன் வேட்கைக்குத் தம் கல்வி போதாதென்று கண்டதும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்வதே தக்கதென அத்தந்தைக்கு எடுத்துரைத்தார். தம்மினும் மேலானவர் ஒருவர் உளர் என்று பெற்றோரிடம் வாய்திறந்து கூறும் ஆசிரியர் எத்தனை பேர்? எந்தத் தகுதித் தேர்விலும் அதற்கு ஒரு மதிப்பெண் ஒதுக்கப்பெறவில்லை.

1871-இல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் ஐயர் பாடங்கேட்கத் தொடங்கினார். தந்தையார் விருப்பப்படி அவ்வூரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்று வந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய அப்பெரியாரினும் சிறந்த இசையாசிரியர் வேறு யாவர்? ஆனால் பிள்ளையவர்கள் இதனை அறிந்தபோது, இசையில் மனம் செல்லின் இலக்கணத்தில் அறிவு ஊன்றாதென்னும் கருத்தை வெளியிட, ஐயர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். இவ்விடத்தில் எம் மனம் இன்னும் ஒருபக்கம் சாயாதிருக்கின்றது. 1887-இல் சீவகசிந்தாமணி அச்சேறியதும், அதன் பின் சங்க நூல்கள் ஒவ்வொன்றாய் வெளிவந்ததும் ஆசிரியரின் துணிபு சரியென்று காட்டுவனவாகலாம். ஆயினும் தந்தையின் ஆசை ஒன்று அங்கே மெல்ல அணைந்தது. இசையறிந்த புலவர் ஒருவர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை இன்னும் எவ்வளவு துலக்கியிருப்பாரோ! அரிய ஆசிரியரும் பெற்றோரின் அறிவை எளிதிற் தள்ளிவிடுகின்றார் என்பதற்கு இஃதொரு சான்றாக எமக்குப் படுகின்றது. மூத்தோர் எம்மை மறுப்பாராயின் கேட்டுக்கொள்வோம்.

ஐயரும் பிள்ளையவர்களும் எந்தப் பட்டமும் பெறாதே ஆசிரியராயினர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியிற் தியாகராச செட்டியார் விட்ட இடத்தில் ஐயர் அமர்ந்தபோது அவர் கையிற் சான்றிதழ் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் 1932-இல் அவரைத் தேடி வந்தது. அக்காலத்தார் ஆசிரியர் தகுதியை அளக்கக் கருவியே இல்லாதிருந்தனர் எனக் கருதல் வேண்டா. பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பவற்றை உவமை கூறினார். குலத்தையும் அவர் ஒரு தகுதியாக எண்ணியது எமக்கு உடன்பாடன்று. அதனை அக்காலத்தோடு விடுக. ஆசிரியராகாதார்க்கு அவர் கூறிய உவமைகளே எமக்கு மிகவும் இனிப்பன. கழற்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் முதலில் இட்டது முதலில் வாராது. கற்ற முறை மாறிக் கற்பிப்பவர் அத்தகையர். கருக்கு மட்டை சூழ்ந்த பனை தானே உதிர்த்தாலன்றி ஏறிப் பறிக்க இடந்தராது. பஞ்சடைத்த குண்டிகை சிறிது சிறிதாக வாங்கிச் சிறிது சிறிதாகவே விடும். நான்காவது முடத்தெங்கு: நீர் வார்த்து வளர்ப்பவன் ஒருவன், வளைந்து சென்று காயுதிர்ப்பது மற்றொருவன் முற்றத்தில். வகுப்பிற் சோம்பி, மாலையில் தனிப்பாடத்திற்குக் கட்டணம் கொடுப்பார்க்கு மட்டும் விளங்க உரைப்பவரை யாம் கண்டிருக்கின்றோம். எண்ணூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த முனிவர்க்கு அவரை எவர் காட்டினரோ! மேலும், நூலுரைத்தற்கு உரிய மாணாக்கர் இன்னாரென எண்ணுமிடத்து, ஆசிரியன் மகனையே அவர் முதலில் வைத்தார். ஆசிரியனும் ஒரு தந்தை என்பது அவர் மறவாத செய்தி.

பெற்றோர்க்கு இக்காலச் சட்டம் ஓர் இருக்கையை அளித்துள்ளது. முற்கூறிய 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நீங்கலாக, ஏனைய பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும். அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும். உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையோர் பள்ளிகளிலும் அக்குழு ஆலோசனை கூறும் அளவிலேயே நிற்கும் என 2012-இல் திருத்தம் வந்தது. எம் அன்னையாரும் ஓராண்டு அத்தகைய குழுவில் உறுப்பினராயிருந்தார். கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என யாம் வினவியபோது, "கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்கள், போட்டேன். தேநீர் நன்றாக இருந்தது" என்றார்.

கொள்ளை நோய்க் காலத்தில் மட்டும் இத்தராசு சிறிது அசைந்தது. 2020 மார்ச் முதல் பள்ளிகள் மூடப்பெற்று, வீடே பள்ளியாயிற்று. அப்போது பெற்றோர் பலர் முதன்முறையாக ஆசிரியரை வியந்தனர். தம் பிள்ளை ஒருவனை ஒருமணி நேரம் இருத்திப் படிப்பிக்க இயலாதார், நாற்பது பேரை ஒருநாள் முழுதும் இருத்துபவரை வியவாது என் செய்வர்? இழந்த படிப்பை மீட்க 2021 அக்டோபரில் தமிழ்நாட்டரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோர் தொடக்க வகுப்புப் பிள்ளைகட்கு மாலையிற் கற்பிக்கலாமென இடம் தந்தனர். முன்வந்தவருட் பெரும்பாலோர் பெண்கள். அவருள் ஒருவர் எம் சித்தியார். தம் வீட்டுத் திண்ணையிலே தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதையும் கணக்கும் கற்பித்தார். திங்களுக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மன்றோவின் ஆறேழு ரூபாயை எண்ணி யாம் அவரை நகையாடியதுண்டு. அப்பிள்ளைகளுள் ஒருவனுக்குப் பின்னத்தை எவ்வாறு விளக்குவதென்று தெரியாமல் அவர் தவித்தபோது, பள்ளி ஆசிரியை ஒருவரை வழிமறித்துக் கேட்டார். அவ்வாசிரியை தெருவில் நின்றபடியே ஒரு தோசையைப் பகுக்கும் வகையைச் சொல்லிக்கொடுத்து, "அந்தப் பையன் வீட்டில் என்ன நிலைமை? பள்ளியில் பேசவே மாட்டேன் என்கிறானே" என்று சித்தியாரிடம் திருப்பிக் கேட்டார். கால்மணி நேரம் இருவரும் வெயிலில் நின்று பேசினர். எம் தம்பிக்காக வேண்டி நின்ற கால்மணி நேரம் அதுவே.

எம்மைத் தமிழுக்குக் கொணர்ந்தவரும் ஓர் ஆசிரியரே. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எம்மைத் தொழிற்கல்விக்கு அனுப்ப அன்னையார் துணிந்திருந்தார். எங்கள் தமிழாசிரியர் ஒரு மாலை வீடு தேடி வந்து, சுளகும் பீடியிலையும் பரந்திருந்த தாழ்வாரத்திற் தரையிலேயே அமர்ந்தார். "தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா, சார்?" என அன்னையார் கேட்டார். "கிடைக்கும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது, அம்மா. வகுப்பில் இந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். வீட்டில் எப்படி என்று நீங்கள் சொல்லுங்கள்" என்றார் அவர். அன்னையார் நெடுநேரம் சொன்னார். விளக்கேற்றிய பின்னும் பேச்சு முடியவில்லை. யாம் இரவிற் பீடியிலை வெட்டிக்கொடுத்துக்கொண்டே பாட்டுக்களை முணுமுணுப்பதை அவர் கவனித்திருந்தார் என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது. முடிவில், "சரி சார், ரெண்டு வருஷம் பார்ப்போம்" என்றார்.

அத்தமிழாசிரியர் 2010-க்கு முன் பணியேற்றவர். ஓய்வுபெற இன்னும் பத்தாண்டுக்கு மேல் உண்டு. எனவே தீர்ப்பு அவரையும் கட்டும். ஆறு முதல் எட்டு வகுப்புக்குரிய தாளில் குழந்தை உளவியலுக்கு 30 வினா, தமிழுக்கு 30, ஆங்கிலத்துக்கு 30. எஞ்சிய 60 வினா கணிதமும் அறிவியலுமாக, அன்றிச் சமூக அறிவியலாக இருக்கும். இருபதாண்டாகத் தமிழே கற்பித்து வந்தவர் இன்று நிலநடுக்கோட்டையும் சுல்தான்களின் வரிசையையும் மீண்டும் மனனஞ்செய்கின்றார். கடந்த விடுமுறையில் ஒருநாள் அவர் எம் இல்லத்திற்கு வந்து, எம்மிடம் உள்ள ஆங்கில இலக்கணக் குறிப்பேடு கிடைக்குமோ எனக் கேட்டார். எமக்கு நா எழவில்லை. தேநீர்க்கடையில் சிரித்த சிரிப்பு நினைவிற்கு வந்தது.

அன்னையார் காப்பி கொண்டுவந்து வைத்தார். தம்பி, செவிக்கருவியைச் சரிசெய்துகொண்டு, அவருடைய இடப்புறத்தில் உட்காருவதா வலப்புறத்தில் உட்காருவதா என்று பார்த்தான். அவர் தாமே எழுந்து அவன் கேட்கும் பக்கத்திற்கு மாறி அமர்ந்து, "நீ வினாவைப் படி, தம்பி, நான் விடை சொல்கிறேன்" என்றார். உளவியற் பகுதியில் இருபது வினா கேட்டான். பதினான்கு சரியாயின. தவறிய ஆறையும் அவன் சிவப்பு மையாற் குறித்துக் கொடுக்க, அவர் அவற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மீண்டும் வருவதாகச் சொல்லிச் சென்றார்.